தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்

செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரன்ட் இருக்காது என்று முந்தின நாளே தெரியும். கரன்ட் இல்லாத நாளில் நான் ஸ்டோர் கீப்பராக இருக்கும் கம்பெனிக்கு விடுமுறை. ஆகவே வீட்டில் இருந்தேன்.

வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து ஏரிக்கரை வரை நடந்தேன். திரும்பும்போது பால் வாங்கினேன். போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இந்த நடை தவறுவதில்லை. வந்ததும் மாத்திரை, சர்க்கரை போடாத காபி, பிறகு செய்தித்தாள். என் மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குளித்து, விளக்கேற்றிவிட்டு நேராக மீன் தொட்டிக்குப் போவாள். எனக்கு இட்லி வருவதற்கு முன்னால் மீனுக்குத் தீனி போய்விடும். "இந்த வூட்டுல மூணாவது ஆளு நானு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட உட்காருவது என் வழக்கம். அவள் சிரிக்காமல் சட்னி ஊற்றுவாள்.

அந்த மீன் ஒரு ஃபிளவர்ஹார்ன். செம்பருத்திப் பூ நிறம், தலையில் உருண்டையாக ஒரு புடைப்பு, பக்கவாட்டில் யாரோ மையால் கிறுக்கியது போன்ற கறுப்பு அடையாளங்கள். வாஸ்து மீன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வேறு எந்த மீனோடும் சேராது. போட்டால் கடித்தே கொன்றுவிடும். அதனால் நாலடி நீளத் தொட்டியில் அது மட்டும் தனியாக இருந்தது. தண்ணீர் இருநூற்றைம்பது லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்த்தால் நான்கு நெல்மூட்டை கனம். அத்தனையும் இடுப்பு உயர இரும்பு ஸ்டாண்டின் மேல், கூடத்துச் சுவரோரம், வாசற்கதவுக்குப் பக்கத்தில் நின்றது. சமையலறையிலிருந்து யாராவது வாசலுக்கு வரவேண்டுமானால் தொட்டியைத் தாண்டித்தான் வரவேண்டும். பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. சிக்கியதும் அதன் எதிரில் அரிசி மூட்டைகள் வந்தன. பிறகு பழைய கிரைண்டரும் வந்தது. பலமுறை சொல்லிப் பார்த்தேன். "யாரு அந்தப் பக்கம் வர்றாங்க?" என்பாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் கூடத்துத் தரை, கழுவிவிட வசதியாக மூலையில் உள்ள ஓட்டையை நோக்கிச் சரிவாகப் போட்டது. இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே கட்டில், பீரோ, எதை வைத்தாலும் தாழ்ந்த பக்கத்துக் கால்களுக்கு எதையாவது அடைகொடுத்தாக வேண்டும். மீன் ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கு அடியில் கடப்பா கல் துண்டுகளை வைத்தவன் நான்தான். ரசமட்டத்தை மேலே வைத்துக் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினேன். நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குத் திருப்தி. மட்டத்தைப் பார்த்தேனே தவிர, தரையே அசைந்தால் அந்தத் துண்டுகள் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. எங்கள் ஊரில் தரை அசையும் என்று யார் நினைப்பார்கள்?

ஒன்பது மணிக்குச் சரியாகக் கரன்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. தொட்டியின் காற்றுக்குழாய் குமிழ் விடுவதை நிறுத்தியது. வீடு அவ்வளவு அமைதியாகி நாளாகியிருந்தது. நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தேன். அவள் உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

யாரோ நாற்காலியின் பின்காலைக் காலால் தள்ளியது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி ஒரு தள்ளல். இந்த முறை பக்கவாட்டில். செய்தித்தாளின் எழுத்துகள் ஒருகணம் கலைந்தன. என் நெஞ்சுதான் என்று நினைத்தேன். தலைசுற்றல் வந்தால் உடனே உட்காரச் சொல்லியிருந்தார்கள். நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். விரலை மணிக்கட்டில் வைத்து நாடியைத் தேடினேன். அது ஒழுங்காகத்தான் அடித்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. நிறைகுடத்தைத் தூக்கி நடக்கும்போது தளும்புமே, அது மாதிரி, ஆனால் பல மடங்கு பெரிதாக. சளக் என்று ஒரு பக்கம், சளக் என்று மறுபக்கம். பிறகு தரையில் தண்ணீர் கொட்டும் சத்தம். என் நெஞ்சு இல்லை, தரைதான் என்று எனக்குச் சொன்னது அந்தத் தொட்டிதான்.

"ஏய், வெளிய வா!" என்று கத்தினேன். மறுபடி கத்தினேன். "பூமி ஆடுது, வெளிய வாடி!"

அவள் வரவில்லை. எழுந்து கதவுக்குள் தலையை நீட்டினேன். அதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. மொத்தமே சில நொடிகள்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. தொட்டிக்குள் அலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. அவள் தொட்டியின் முன்னால், இரண்டு கைகளையும் அகல விரித்து, கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டி, அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தாள். புடவை முழுக்க நனைந்திருந்தது. முருங்கை இலைகள் அவள் காலைச் சுற்றி மிதந்தன.

"வுடு அத."

"வுட்டா வுழுந்துடும்."

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரு காலுக்கு அடியிலிருந்த கடப்பா கல் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. ஸ்டாண்ட் அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் தண்ணீரின் மட்டத்துக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையே இருந்த கோணல் பார்த்ததுமே தெரிந்தது. கல்லை உள்ளே தள்ள முடியாது. மேலே நான்கு மூட்டை கனம். தொட்டியைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. நான் தூக்கலாமென்றால், எடை தூக்கக் கூடாது என்று எனக்கு டாக்டர் உத்தரவு.

அப்போதுதான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கண்ணில் பட்டது. தரையில், தண்ணீரில் கிடந்தது. பம்பின் ஒயரும் விளக்கின் ஒயரும் அதில் செருகியிருந்தன. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அவள் வெறுங்காலோடு அதே தண்ணீரில் நின்றிருந்தாள். கரன்ட் இல்லாத நாளாக இருந்ததால் அவள் நின்றிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் கிடந்திருப்பாள். பராமரிப்பு வேலை சீக்கிரம் முடிந்தால் இரண்டு மணிக்கு முன்பேகூடக் கரன்ட் கொடுத்துவிடுவார்கள். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். இரண்டாவது முயற்சியில்தான் இறங்கியது.

எடையைக் குறைப்பது ஒன்றுதான் வழி. தண்ணீர் மாற்ற வைத்திருந்த டியூபை எடுத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சித் தரையில் போட்டேன். தண்ணீர் சரிவைப் பிடித்துக்கொண்டு மூலை ஓட்டையை நோக்கி ஓடியது. மீன் குழாயைப் பார்த்துச் சீறி வந்து முட்டியது. தன் இடத்தில் யார் கை வைத்தாலும் அதற்கு ஆகாது.

"நீ தள்ளி நில்லு. தண்ணி எறங்குது."

"எறங்கட்டும். அப்புறம் நவுர்றேன்."

"கண்ணாடி வுட்டுச்சுன்னா மூஞ்சியிலதான் வுழும்."

"பேசாம டியூப்ப புடிங்க."

தண்ணீர் கால்வாசிக்கு இறங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. நான் டியூபைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையும், வெளியே வந்திருந்த அந்தக் கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடும் தண்ணீர் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் ஸ்டாண்டின் அந்தக் காலைக் கடப்பாரையால் சற்றே நெம்பி, கல்லை உள்ளே தள்ள முடிந்தது. அவள் கையை எடுத்தபோது முன்கையில் விளிம்பு அழுத்திய சிவப்புக் கோடு இருந்தது.

எங்கள் தெருவில் வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். எங்கள் இருவரையும்விட வயதில் சிறியவர். மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர் எங்கள் வாசலில் ஈரத்தைப் பார்த்து நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னா சார், பூமி ஆடுச்சாமே? எங்க வூட்டுக்கு வரலியே. உங்களுக்கு மட்டும் தனியா வந்துட்டுப் போச்சா?"

"உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"நான் டிராக்டர் மேல இருந்தேன். அதுல ஒக்காந்தா டெய்லி பூகம்பம்தான்." பிறகு என் மனைவியைப் பார்த்தார். "அக்கா, உண்மையச் சொல்லு. சாரு தடுக்கி தொட்டி மேல சாஞ்சிட்டு, பூமி மேல பழியப் போடறாரா?"

"அவரு சாஞ்சா தொட்டிக்குத் தெரியுமா? காத்து மாதிரி இருக்காரு" என்றாள் அவள். அன்று அவள் முதலில் சிரித்தது அப்போதுதான்.

கரன்ட் வந்ததும், கூடத்து லைனை மட்டும் அணைத்து வைத்துவிட்டு மெயினைப் போட்டேன். அறையில் உள்ள டிவியின் அடியில் ஓடிய எழுத்துகளில் சில இடங்களில் லேசான நில அதிர்வு உணரப்பட்டதாக ஒரு வரி வந்தது. அதை எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் அதே ஒரு வரிதான் மற்றொரு தொல்லையையும் கொண்டுவந்தது. மூன்று மணிக்குள் தெரு முழுக்க போனில் ஒரு குரல் பதிவு பரவிவிட்டது. யாரோ ஒருவர் மூச்சுவாங்கப் பேசினார்: இது வெறும் ஆரம்பம், இன்றிரவு இதைவிடப் பெரிதாக வரும், யாரும் வீட்டுக்குள் படுக்க வேண்டாம்.

நில அதிர்வு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது என்று மனைவியிடம் சொன்னேன். வரலாம், வராமலும் போகலாம். தேதி போட்டுச் சொல்கிறவர் பேச்சை நம்பாதே என்றேன். அவள் கேட்டுக்கொண்டே பாயையும் தலையணையையும் அறையிலிருந்து எடுத்து வந்தாள். தொட்டியின் முன்னால் விரித்தாள்.

"இன்னா பண்றே?"

"ராத்திரிக்கு இங்கதான் படுக்கப்போறேன்."

"எதுக்கு?"

"மறுபடியும் வந்தா புடிக்க ஆளு வேணாமா?"

"நாலு மூட்ட நெல்லு மேல வுழுந்தா நீ புடிச்சிடுவியா?"

"காலையில புடிச்சேனே."

"காலையில அது வுழல. வுழாததத்தான் நீ புடிச்சே."

அவள் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். எனக்குக் கோபம் வந்தது. கோபப்படக் கூடாது என்பதும் எனக்கு ஓர் உத்தரவு. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, குரலை அடக்கிக் கேட்டேன்.

"போயும் போயும் ஒரு மீனுக்காக நீ சாவணுமா?"

"மீனுக்காக நான் எதுக்கு சாவறேன்?" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துத்தான் சொன்னாள். "உங்கள ஆஸ்பத்திரியிலேர்ந்து இட்டாந்தோமே, அதுக்கு அடுத்த வாரம் வாங்கினது இது. நெனப்பு இருக்குதா? நீங்க படுத்துக்கினு பொழுது போவலன்னு சொன்னீங்க. அதுக்குத்தான் வாங்கினேன்னு நீங்க நெனச்சிக்கினு இருக்கீங்க."

"பின்ன?"

"கடைக்காரரு சொன்னாரு. வூட்டு ஆம்பளைக்கு எதுனா வர்றதா இருந்தா இது வாங்கிக்கும்னு."

இந்த நம்பிக்கை எனக்குப் புதிதல்ல. வாஸ்து மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கெடுதல் மீனோடு போயிற்று என்று சொல்லி, அடுத்த மீனை வாங்கிவிடும் வீடுகள் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அந்த மீன் அந்த வேலைக்காக இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் என் இட்லிக்கு முன் அதற்குத் தீனி போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இருந்தாலும் விட மனமில்லாமல் கணக்கை மடக்கிப் பார்த்தேன்.

"அப்போ அது செத்தா நல்லதுதானே? எனக்கு வந்தது அதோட போச்சுன்னு ஆவுது. எதுக்குக் குறுக்க போயி நிக்கிறே?"

அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவுகூடத் தெரியாதா என்பது இருந்தது.

"ஒரு தடவதாங்க அது வாங்கும். தொட்டி கவுந்து அது வீணா செத்துப் போச்சுன்னா? உங்களுக்கு நெஜமா எதுனா வர்ற அன்னிக்கி யாரு இருக்கா?"

 எங்கள் ஸ்டோரில் ஒரு பேரிங் மட்டும் மிச்சமிருக்கும்போது நானும் அப்படித்தான் பூட்டிவைப்பேன். கேட்டு வருகிறவரிடம் சண்டைகூடப் போடுவேன். அவளோடு வாதாட முடியாது என்று தெரிந்தது. இரவில் ஒரு லாரி போனாலும் எழுந்து அந்தத் தொட்டியைக் கட்டிப்பிடிப்பாள். வாதத்தை விட்டுவிட்டு, என் தொழிலில் தெரிந்ததைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

"சரி. யாரும் புடிக்காமலே நிக்கிற மாதிரி தொட்டிய வெச்சித் தரேன். வெச்சிட்டா, ஆடினா நீ வெளிய ஓடணும்."

"முதல்ல வையிங்க. அப்புறம் பாக்கலாம்."

ஸ்டோரில் முதல் விதி, கனமானது கீழே. காலே இல்லாவிட்டால் கால் வழுக்காது. இரும்பு ஸ்டாண்டை விட்டுவிட்டு, தரையோடு தரையாக ஒரு கல் உயரத்தில் தொட்டியை வைப்பதென்று தீர்மானித்தேன். ரசமட்டத்தைக் கூடம் முழுக்க வைத்து வைத்துப் பார்த்தேன். எதிர்ச்சுவரை ஒட்டி, சரிவு தொடங்குவதற்கு முன்னால், தொட்டி அகலத்துக்கு மட்டமான இடம் இருந்தது. கதவுப் பாதைக்கும் அது தூரம். அந்தச் சுவரில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடிப் படத்தைக் கழற்றினேன்; தொட்டிக்கு மேலே விழக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. புழக்கடையில் மிச்சமிருந்த சிமென்ட் கற்களை எதிர்வீட்டுக்காரர் வெயில் தாழ்ந்ததும் வந்து, வீட்டைச் சுற்றி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டார். நான் அடுக்கினேன். மேலே பலகை, அதன்மேல் தெர்மாகோல்.

மிச்சத் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்துவைத்தோம். மீனைப் பிடிக்கத்தான் நேரமாயிற்று. கடைசியில் அவள் கையாலேயே, எதையோ முணுமுணுத்துக்கொண்டு, அதைப் பக்கெட்டுக்கு மாற்றினாள். மேலே சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, பக்கெட்டை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

வெறும் தொட்டியைத் தூக்க எதிர்வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் நான் போனேன்.

"நீங்க தூக்காதீங்க" என்றாள்.

"காலித் தொட்டிதான்."

"அக்கா, சாரு சும்மா கைய வெச்சா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

தூக்கினோம். கனமாகத்தான் இருந்தது. கற்களின் மேல் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டோம். என் பக்கத்து முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க ஒருகணம் நிறுத்தி, அந்த முனையைத் தாங்கிப் பிடித்திருந்தேன்.

தரை உறுமியது.

முதலில் உள்ளங்காலில் வந்தது, பிறகு ஜன்னல் கம்பியில். சமையலறையில் பாத்திரம் ஒன்றோடொன்று மோதியது. எதிர்வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டு ஒரே தாவலில் வாசலுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்கு மட்டும் தனியாக வந்ததா என்று கேட்டவர் அவர்தான். நான் போகவில்லை. போக வேண்டும் என்று தெரிந்தது. காலையிலிருந்து அதைத்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கை தொட்டியை விடவில்லை. விட்டால் விழும் என்று மட்டும்தான் மனதில் ஓடியது. அவள் காலையில் சொன்ன அதே வார்த்தை.

பின்னால் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. சட்டையின் பின்கழுத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். பொத்தான் ஒன்று தெறித்தது. என்னைப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு, கதவைத் தாண்டி, படியில் இறக்கி, தெருவின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"என்ன வெளிய வா வெளிய வான்னு கத்தினீங்க. நீங்க எங்க நிக்கிறீங்க? ஹா? எங்க நிக்கிறீங்க?"

 அவள் கை என் நெஞ்சின்மேல் இருந்தது. அப்போது தெருமுனையில், புதிதாக மனை போடும் இடத்துக்கு ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி, பள்ளத்தில் இறங்கி ஏறி, உறுமிக்கொண்டு திரும்பியது. அது போனதும் தரை அடங்கியது.

எதிர்வீட்டுக்காரர் லாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார். "செருப்பு கூட போடல சார் நானு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"மீனு" என்றேன் நான்.

அவள் முகம் மாறியது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பக்கெட்டைக் கவிழ்த்தது அவள் கால்தான்.

உள்ளே ஓடினோம். தொட்டி, யாரும் பிடிக்காமலேயே, பாதி வெளியே நீட்டியபடி கற்களின் மேல் அப்படியே இருந்தது. பக்கெட் பக்கவாட்டில் கிடந்தது. தட்டு தூரத்தில். மீனைக் காணோம். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். எனக்குத் தண்ணீர் போகும் வழி தெரியும். நேராக மூலைக்குப் போனேன். சரிவு அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. காலையில் மிதந்த முருங்கை இலைகள் ஓட்டையை அடைத்துக்கொண்டதால் அங்கே விரல் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒருக்களித்துப் படுத்து, செவுள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் ஈரத்துண்டைப் போட்டு அள்ளி எடுத்தாள்.

 எதிர்வீட்டுக்காரரே தொட்டியை முழுக்க உள்ளே தள்ளினார். டிரம் தண்ணீரையும், மீதிக்குக் குழாய்த் தண்ணீரையும் சொம்பு சொம்பாக ஊற்றினோம். விளிம்புக்கு நாலு விரற்கடை கீழேயே நிறுத்திவிட்டேன். தளும்பினாலும் வெளியே வராது. கண்ணாடியில் மோதக்கூடிய பெரிய கற்களை வெளியே எடுத்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வீணாகிவிட்டது. வேறொன்றைச் சுவரில், மார்பு உயரத்தில் திருகாணி போட்டு மாட்டினேன். ஒயர் பாக்ஸுக்குக் கீழே ஒருமுறை வளைந்து தொங்கி, பிறகு மேலேறும்படி விட்டேன். ஒயர் வழியே தண்ணீர் வழிந்தால் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கூடத்து லைனைப் போட்டதும் பம்ப் குமிழ் விட்டது. மீன் அடியில், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. முதுகுத் துடுப்பில் ஒரு கிழிசல்.

அவள் வெகுநேரம் அதன் முன் உட்கார்ந்திருந்தாள். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பக்கெட்ட வுட்டுட்டியே" என்றேன்.

"ஆமா."

"ஏன்?"

"இன்னா கேள்வி இது?" என்றாள். மீனைப் பார்த்தபடியே, "அதுவே உங்களுக்குத்தான். உங்கள வுட்டுட்டு அதப் புடிச்சா அதுக்கு இன்னா அர்த்தம்?" என்றாள்.

சாப்பிட்டோம். முருங்கைக்கீரை இல்லாத குழம்பு. அந்தக் குரல் சொன்ன இரவு வந்துகொண்டிருந்தது. தெருவில் சிலர் கட்டிலை வாசலில் போட்டிருந்தார்கள். தொட்டியை நகர்த்தும்போது ஓரமாகச் சுருட்டிவைத்த பாயை அவள் அறைக்கே எடுத்துச் சென்றாள். படுத்த பிறகும் இருவரும் தூங்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். கூடத்திலிருந்து பம்பின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது நின்றுவிடுமோ என்று அவளும், தண்ணீர் சளக்கென்று அடிக்குமோ என்று நானும் கேட்டுக்கொண்டு கிடந்தோம்.

எதுவும் வரவில்லை.

புதன்கிழமை காலை நான் கண்விழித்தபோது அவள் பக்கத்தில் இல்லை. கூடத்துக்கு வந்தேன். தொட்டியின் முன்னாலும் இல்லை. மீன் நிமிர்ந்து நின்றது. கிழிந்த துடுப்பை அசைத்துக்கொண்டு, கண்ணாடியோரம் வந்து சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கேயிருந்து எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

வாசல் இன்னும் தெளிக்கவில்லை. விளக்கேற்றவில்லை. அவள் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக அறைப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள். கிரைண்டரும் நகர்ந்திருந்தது. பின்கதவின் எதிரில் மண்டியிட்டு, தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு விரலால் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் மீன் வாலை அடித்துக்கொண்டது.

"இரு. இத முடிச்சிட்டு வர்றேன்" என்று அங்கேயிருந்தே அதற்குச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து நகர்ந்துகொண்டாள்.

"இழுத்துப் பாருங்க. மெதுவா."

இழுத்தேன். முதலில் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். மறுபடி இழுத்தேன், தாழ்ப்பாள் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து, இருவரும் புழக்கடையில் இறங்கி நின்றோம்.